பகிடிக்காரர்களின் தன்வரலாறு

நகைச்சுவைக் கலைஞர்களின் தன்வரலாற்றைப் பலரும் சிரிப்பதற்காகத்தான் கையில் எடுக்கிறார்கள். எதைக் கண்டு சிரிக்கலாம், எங்கே சிரிப்பை நிறுத்த வேண்டும் என்ற பாடத்தையும் நல்ல நூல்கள் சேர்த்தே தருகின்றன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நீளும் அம்பாறைக் கரையில் பகிடிக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள வாசகருக்கு இந்த நூல்கள் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

இவ்வகையில் முதலில் நினைவுக்கு வருவது 1964இல் வெளிவந்த சார்லி சாப்ளினின் தன்வரலாறு. வறுமையில் கழிந்த லண்டன் சிறுவயதை அவர் அதில் விரிவாக எழுதுகிறார். அதில் ஒரு காட்சி: அறுப்புக்குக் கொண்டுபோன ஆடு ஒன்று தப்பித் தெருவில் ஓடுகிறது. பிடிக்கப் போனவர்கள் இடறி விழுகிறார்கள். தெருவே சிரிக்கிறது, சிறுவன் சாப்ளினும் சிரிக்கிறான். ஆட்டைப் பிடித்துக் கொண்டுபோனதும், அதைக் கொல்லப் போகிறார்கள் என்பது அவனுக்கு உறைக்கிறது. அழுதுகொண்டே தாயிடம் ஓடுகிறான். சிரிப்பும் துயரமும் கலந்த தன் படங்களுக்கு அதுவே வித்தாக இருந்திருக்குமோ என்று பின்னாளில் அவர் யோசிக்கிறார்.

தமிழில் இந்த வரிசையில் நிற்பது, நாகேஷ் சொல்லச் சொல்ல எஸ். சந்திரமௌலி எழுதிய 'நான் நாகேஷ்'. தாராபுரத்துக்காரரான நாகேஷ் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்; முகத்தில் அம்மைத் தழும்புகள். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சில நிமிடமே மேடையில் நின்றார். அந்த நாடகத்துக்குத் தலைமை தாங்கிய எம்.ஜி.ஆர். அந்தச் சிறிய வேடத்தை மேடையிலேயே பாராட்டினார். 1964இல் 'சர்வர் சுந்தரம்' அவரைக் கதாநாயகனாக்கியது. கிடைத்த இடம் சிறிதென்று சோர்ந்துவிடாமல் அதை முழுதாக நிரப்பியவரின் வாழ்க்கை அது.

இலங்கைத் தமிழரைக் கூட்டாகச் சிரிக்க வைத்தது வானொலி. இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' 1976இல் 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. எஸ். ராம்தாஸ் மரிக்காராகவும், பி.எச். அப்துல் ஹமீட் ஐயராகவும், டி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் உபாலியாகவும் தோன்றினர். மரிக்கார் என்ற முஸ்லிமாகப் பேசியவர் தமிழர். ஐயராகப் பேசியவர் முஸ்லிம். மரிக்கார் என்ற பெயர் ராம்தாசுடன் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஒருவர் பேச்சு வழக்கை மற்றவர் எடுத்து ஆடியபோதும் அது அவமதிப்பாக மாறவில்லை. நான்கு பேரும் சம ஆசனத்தில் இருந்ததும், முட்டாள்தனம் எல்லோருக்கும் பங்கிடப்பட்டதுமே அதற்குக் காரணம். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி அமைந்த கல்முனைப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.

அந்த வானொலிக் காலத்தை அப்துல் ஹமீட் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் கிழக்குக் கரையின் பகிடி பெரும்பாலும் இன்னும் வாயிலேயே வாழ்கிறது. பாடசாலை மேடையில், கலியாண வீட்டில், வயல் வாடியில் ஊரைச் சிரிக்க வைத்தவர்கள் எல்லோரும் எழுதக்கூடியவர்கள் அல்லர். அதற்காக அவர்கள் கதை எழுதப்படாமல் போகவேண்டியதில்லை. நாகேஷின் நூலும் சொல்லக் கேட்டு எழுதியதுதான். கல்முனைக் கரையின் நூலகங்களும் இலக்கிய வட்டங்களும் மூத்த பகிடிக்காரர்களைத் தேடிப்போய், அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, அவர்களுடைய பேச்சுத் தமிழிலேயே நூலாக்க வேண்டும். சொல்ல அவர்கள் இருக்கும்போதே இந்த வேலை தொடங்கட்டும்.