பௌர்ணமிக்குத் தாங்கும் சட்டை

திருவண்ணாமலைக்காரனுக்குச் சட்டையைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் எதற்கு? ஒரு பௌர்ணமி போதும். 14 கிலோமீட்டர் கிரிவல நடை, லட்சக்கணக்கில் ஜனம், பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரியில் திருப்பி விடும் மலை. ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால், நிருதி லிங்கம் வருவதற்குள் எது சட்டை, எது வெறும் மினுக்கு என்று முதுகே சொல்லிவிடும். பருத்தி இழை தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைச் சாதாரணக் காற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டரால் அரை சதவீதம்கூட முடியாது. இதைப் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம், கிரிவலம் போயும் தெரிந்துகொள்ளலாம்.

நான் இப்போது பித்துப்பிடித்துக் கிடப்பது கைத்தறிக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை ஒன்றின் மேல். கோ-ஆப்டெக்ஸ் துணி, தேரடித் தெருப் பக்கத்து டெய்லர் தையல். கருநீலத்தில் செங்கல் நிறக் கோடு, நடுவில் மெலிசாக ஒரு மஞ்சள் இழை. துணியைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கமும் அதே நிறம், அதே அழுத்தம். நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவிலும் ஊடையிலும் கோர்த்து நெய்த கட்டம் அப்படித்தான் இருக்கும். மேலே அச்சடித்த கட்டமாக இருந்தால் உள்பக்கம் வெளிறிப் போயிருக்கும். கடையில் துணியைப் புரட்டிப் பார்க்க ஒரு நொடி ஆகாது, ஆனால் பாதிப் பேர் விலைச்சீட்டைத்தான் புரட்டுகிறார்கள்.

அடுத்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். இழை நெருக்கமாக, ஒரே சீராகத் தெரிகிறதா? கைத்தறியில் அங்கங்கே ஓர் இழை கொஞ்சம் தடித்திருக்கும். அது குறையில்லை, அதுதான் அழகு. பிறகு துணியை உள்ளங்கையில் கசக்கி விடுங்கள். மொடமொடவென்று இருந்தது சட்டென்று துவண்டு, விரலில் மாவு மாதிரி ஏதாவது ஒட்டினால் கஞ்சிதான் கனம் காட்டியிருக்கிறது என்று அர்த்தம். முதல் சலவையோடு அந்த மிடுக்கு போய்விடும்.

தையலுக்கு வருவோம். என் டெய்லர் அளவெடுத்து முடித்துத் துணியை மேஜையில் விரித்ததுமே சொன்னார்: “பாக்கெட்டுல கட்டம் சேரணும்னா இன்னும் கொஞ்சம் துணி வேணும் சார். சேராட்டிப் பரவாயில்லன்னா இதுவே போதும்.” அந்த ஒரு வார்த்தைக்கே அவர் காலில் விழலாம் போலிருந்தது. கட்டச் சட்டையின் தரம் தெரியும் முதல் இடம் அந்தப் பாக்கெட்தான். மார்புத் துணியின் கோடு பாக்கெட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், பாக்கெட் இருப்பதே கண்ணுக்குத் தெரியக்கூடாது. பட்டன் பட்டியிலும் அப்படியே, இடது வலது கோடுகள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். ரெடிமேடில் பாக்கெட்டை மட்டும் குறுக்கே வெட்டி வைரக்கட்டமாக ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல சமயம் கோடு சேர்க்கும் வேலையும் துணியும் மிச்சம், அவ்வளவுதான்.

என் சட்டையில் கோடு சேர்ந்திருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று ரசித்து, வீட்டில் கிண்டல் வாங்கியாயிற்று. பக்கத்தையலை உள்ளே புரட்டினால் ஓவர்லாக் பிசிறு கிடையாது, துணியை மடித்து மடித்து உள்ளே அடக்கிய தையல். அது உடம்பை அறுக்காது, எத்தனை துவைத்தாலும் பிரியாது. காஜா நெருக்கமாக இருக்கிறது, நூல் எங்கும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. காலருக்கு அட்டை மாதிரி விறைக்கும் கேன்வாஸ் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். காலருக்குள் பசை வைத்து அயர்ன் பண்ணி ஒட்டும் கேன்வாஸ் மட்டமாக இருந்தால், கொஞ்ச நாள் துவைத்ததும் காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பெரிய விலை கொடுத்து வாங்கிய, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பிராண்ட் சட்டையில் எனக்கே அது நேர்ந்தது.

அப்படியானால் பிராண்ட் எல்லாம் ஏமாற்றா? அப்படிச் சொல்ல மாட்டேன். லூயி ஃபிலிப், வான் ஹியூசன், ஆலன் சோலி, பீட்டர் இங்கிலாந்து என்று பெயரெல்லாம் சீமை வாடை அடித்தாலும், இந்தியாவில் அவற்றை வளர்த்தது நம் மதுரா கோட்ஸ் குடும்பத்தில் பிறந்த மதுரா கார்மென்ட்ஸ். 1989இல் லூயி ஃபிலிப், 1993இல் ஆலன் சோலி, 1997இல் பீட்டர் இங்கிலாந்து என்று வரிசையாகக் கடைக்கு வந்தன. பிற்பாடு நிறுவனம் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போனது. அவற்றில் ஒரு பெரிய நன்மை உண்டு: 40 என்றால் எந்த ஊர்க் கடையிலும் 40தான். ஆபீஸுக்கு வெள்ளையும் வெளிர் நீலமும் எடுக்க, தள்ளுபடிக் காலத்தில் நானே அங்கேதான் போவேன். அதற்கு மேலே, மார்பில் முதலையோ குதிரையோ நிற்கிற ரகத்தில், கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு துணிக்குப் போவதில்லை. அந்த மிருகத்துக்கும் மால் வாடகைக்கும் போகிறது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் சந்தோஷப்பட்டால் அது அவர் காசு. சாயங்காலம் பெரிய தெருவில் காய்கறி வாங்கப் போகிற சட்டைக்கு எனக்கு அது வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டு டிசைனர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ‘மெட்ராஸ் செக்’ நம்முடைய கட்டம்தான். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவின் தேசிய உடையே மெட்ராஸ் துணியில்தான். 1960களில் அமெரிக்காவில், துவைக்கத் துவைக்கச் சாயம் விடுவதையே பெருமையாக விளம்பரப்படுத்தி இந்தச் சட்டையை விற்றார்கள். சாயம் போனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிற நமக்கு இது எப்படிப் புரியும்? தாத்தா கைலியாகக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே கட்டம், நியூயார்க்கில் கோடைகாலக் கனவான் சட்டை! செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் மார்கழியில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் கைத்தறியோ கதரோதான் உடம்பில் இருக்கும். நம் பையன்கள்தான் மே மாத வெயிலில் இறுக்கிப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச் சட்டையில் வெந்துகொண்டிருக்கிறார்கள்.

கைத்தறிக்கென்று சில பக்குவங்கள் உண்டு. தைக்கக் கொடுக்கும் முன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்துவிட வேண்டும். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கட்டும். முதல் சில சலவை தனியாகத்தான், வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போட்டால் வீட்டில் ரகளை. அயர்ன் கட்டாயம் வேண்டும், மத்தியானத்துக்குள் மறுபடி கசங்கும். கசங்கட்டுமே! கசங்கிய பருத்திச் சட்டைக்கு இருக்கும் கம்பீரம் விறைத்த டெர்ரிகாட்டனுக்கு வருமா? துவைக்கத் துவைக்கத் துணி மெதுமெதுவென்று ஆவதும் இதில்தான்.

துணிக்கும் கூலிக்கும் சேர்த்து எனக்கு ஆனது ஆயிரத்துச் சொச்சம். 1935இல் நெசவாளர் கூட்டுறவாகத் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், தீபாவளியை ஒட்டி 30 சதவீதம் தள்ளுபடி தரும்போது எடுத்தால் இன்னும் குறையும். ஆனால் துணியை எடுத்த கையோடு டெய்லரிடம் போய்விடுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் இந்த ஊரில் எந்த நல்ல டெய்லரும் புது ஆர்டர் வாங்க மாட்டார், என்னதான் கெஞ்சினாலும் “கார்த்திகை தீபம் முடியட்டும் சார்” என்றுதான் பதில் வரும்.