ஷோரீல் சொல்லாத முக்கால் பங்கு

தனியாக வேலை எடுத்துச் செய்யும் வீடியோ எடிட்டரிடம் முன்பு செய்ததைக் காட்டச் சொன்னால், பெரும்பாலும் வந்து சேர்வது ஷோரீல்தான். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். பல வேலைகளிலிருந்து பொறுக்கிய பளிச்சென்ற ஷாட்டுகள். தாளத்துக்குத் தாளம் கட் விழும் ஓர் இசைத்துணுக்கு. இந்த வழக்கம் காரணமில்லாமல் வேரூன்றவில்லை. வாட்ஸாப்பில் இணைப்புகள் வரிசைகட்டி நிற்கும்போது வேலை கொடுப்பவர் எல்லாவற்றையும் முழுதாகப் பார்க்கமாட்டார். தாளம் பிடிபட்டிருக்கிறதா, கலர் சீராக இருக்கிறதா, கை எந்தெந்த வகை வேலையில் பழகியிருக்கிறது என்பதை ஷோரீல் சட்டென்று சொல்லிவிடும். கதவைத் தட்ட அது போதும். ஆனால் எடிட்டிங்கில் எது தலையாயதோ அதைக் காட்ட அதற்கு வலுவில்லை.

'அப்போகலிப்ஸ் நவ்' படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், 1995இல் வெளியான 'இன் தி பிளிங்க் ஆஃப் ஆன் ஐ' நூலில் நல்ல கட்டுக்கு ஆறு அளவுகோல்களை வைத்து, அவற்றுக்கு விழுக்காடும் கொடுத்தார்: உணர்ச்சி 51, கதை 23, தாளம் 10, பார்ப்பவரின் கண் போகும் தடம் 7, திரையின் தட்டைத் தளம் 5, காட்சிக்குள் இடத்தொடர்ச்சி 4. இவை ஒரு கலைஞரின் கணிப்பு; தராசில் நிறுத்தவை என்று யாரும் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் ஷோரீலை இவற்றின் முன் நிறுத்தினால் உண்மை வெளிப்படும். ஷாட்டுகளைக் காட்சியிலிருந்து பிய்த்ததுமே கதை அறுந்துவிடுகிறது. உணர்ச்சியோ பின்னணி இசை கொடுத்த கடன். ஆக 74 விழுக்காடு போய், தாளமும் கண்ணுக்கு இதமான அடுக்கும்தான் மிஞ்சுகின்றன. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் (1962) எரியும் தீக்குச்சி ஊதி அணைக்கப்பட, அடுத்த கட்டில் பாலைவனச் சூரியோதயம் விரியும். அப்படத்தின் எடிட்டர் ஆன் கோட்ஸின் அந்த கட்டைத் தனியே எடுத்து ஷோரீலில் போட்டால் இரண்டு அழகான ஷாட்டுகள் என்றுதான் தெரியும். பாலைவனத்துக்குப் போகத் துடிக்கும் லாரன்ஸை முன்காட்சியில் பார்த்தவருக்கே அதன் வீச்சு புரியும்.

இதனால் பாராட்டும் இடம் மாறிப் போகிறது. மணமகளின் கண்ணோரம் வெளிச்சம் விழுந்த ஷாட் கேமராமேனின் கைவேலை. அதே திருமணத்தில் மூன்று கேமராக்களும் தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டிருக்க, உறவினர் முகங்களையும் நாதஸ்வரக் கெட்டிமேளத்தையும் வைத்து அந்த நொடியை உருவாக்கியவர் எடிட்டர். இந்தத் திறமை ஷோரீலில் இடம்பிடிக்காது. காட்ட அழகான ஷாட்டே இல்லையே! விளைவு, நல்ல ஃபுட்டேஜ் வாய்த்தவருக்கே அடுத்த வேலையும் போகிறது. எனவே ஷோரீலோடு இரண்டு மூன்று முழுக்காட்சிகளை வைப்பதே முறை. ஒவ்வொன்றுக்கும் கீழே, வந்த ஃபுட்டேஜ் எவ்வளவு, அதில் என்ன சிக்கல், எதை ஏன் வெட்டினேன் என்று நான்கு வரி போதும். வெட்டாத பதிவின் ஒரு நிமிடத்தையும் பக்கத்தில் வைத்தால் ஆதாரம் இன்னும் கெட்டியாகும்.

முழுக்காட்சியைப் பார்க்க யாருக்கு நேரம் என்பது முதல் மறுப்பு. எல்லோருக்கும் அது தேவையில்லை: முப்பது விநாடி இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்தான் வேலை என்றால் ஷோரீலே சரியான மாதிரி. ஆவணப்படமோ நீண்ட நேர்காணலோ ஒப்படைப்பவர் ஐந்து நிமிடம் ஒதுக்காமலிருப்பது அவருக்குத்தான் நட்டம். இரண்டாவது, உரிமைச் சிக்கல். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்துக்கு ஆசிரியராகக் கொள்வது தயாரிப்பாளரை, எடிட்டரை அல்ல. ஆகவே கூலி பேசும்போதே காட்டிக்கொள்ளும் அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மூன்றாவது மறுப்பே கனமானது: குறிப்பு எழுதச் சொன்னால் நன்றாக எழுதத் தெரிந்தவரும், எல்லாப் பெருமையையும் தனக்கே எழுதிக்கொள்பவரும் முந்திக்கொள்ள மாட்டார்களா? முந்தலாம். அதற்கு மருந்து, கூலி கொடுத்துச் செய்யவைக்கும் சிறு சோதனை எடிட். அதுவரை குறிப்பும் வெட்டாத பதிவும் சேர்ந்து ஒரு கேள்விக்காவது பதில் தரும்: ஒலி இரைந்து, ஃபோகஸ் நழுவி, பாதி நொடிகள் தவறிய ஃபுட்டேஜ் வந்து சேரும் நாளில் இவர் என்ன செய்வார்?