எலிகள் ஓடும் வாசல்

ஆம்ஸ்டர்டாமின் டாம் சதுக்கத்து அரண்மனை அரசருக்காகக் கட்டியதல்ல. நகர மன்றத்துக்காக 1648-இல் தொடங்கியது. ஈரமண் பாரம் தாங்காது என்பதால் 13,659 மரக்கம்பங்களை அடித்து இறக்கி, அவற்றின்மேல் கல்லை ஏற்றினார்கள். வடிவமைத்தவர் யாக்கோப் வான் காம்பன்.

நடுக்கூடத்தின் பளிங்குத் தரையில் உலக வரைபடம். கடல்களையும் கண்டங்களையும் மிதித்தபடிதான் மக்கள் நடந்தார்கள்.

ஆனால் கால் நின்றுவிடும் இடம், திவாலானவர்களின் வழக்கு நடந்த அறையின் வாசல். மேலே, இறக்கை மெழுகு உருகித் தலைகுப்புற விழும் கிரேக்கப் புராண இக்காரஸ். அதைச் சுற்றி வெறும் பெட்டிகள், தீராத கடன்சீட்டுகள், நடுவே எலிகள்! ஆர்ட்டஸ் குவெலினஸின் பட்டறை செதுக்கியது. வணிக நகரத்தின் அடிவயிற்று அச்சத்தை இதைவிட அழகாகப் பளிங்கில் காட்ட முடியாது.

1808-இல் நெப்போலியனின் தம்பி, அரசர் லூயி குடிவந்தார், மன்றம் அரண்மனையானது.