கூரைக்கு ஏறிய துணி

பத்திக் எண்டால் சுற்றுலாப் பயணிக்கு விற்கிற யானைப்படச் சேட்டுத்தானே என்ற நினைப்பு எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. ஈனா டி சில்வாவின் (1922–2015) துணிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

1960களின் தொடக்கத்தில் மகன் அனிலோடும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவோடும் சேர்ந்து அவர் இந்தத் தொழிலில் இறங்கினார். உருக்கிய மெழுகால் கோடிழுத்து, சாயத்தில் தோய்த்து, கொதிநீரில் மெழுகைக் களையும் இந்த வித்தை ஜாவாவில் செழித்தது. எங்கட மலாய்ச் சகோதரர்களின் மூதாதையருக்கு அது அன்னியமானதல்ல.

சாரியாகவும் சட்டையாகவும் இருந்த பத்திக், ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்தில் கூரையாக ஏறியது. 1982இல் திறந்த கோட்டே நாடாளுமன்றச் சபையில் அவருடைய கொடிகள் தொங்கின. உடம்பை மூடிய துணி இங்கே ஓர் இடத்தையே மேடையாக்குகிறது. அதன்கீழ் நிற்பவர் தன்னையறியாமல் நிமிர்ந்து நிற்பார். ஈனாவின் சாதனை என்று நான் கருதுவது இதைத்தான்.

இது எங்களுக்குப் புதிதா? கல்யாண வீட்டு மேற்கட்டியும் கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றமும் செய்வது இதே வேலையைத்தான். ஈனா பழைய சிங்களக் கொடிகளிடம் போய்ப் படித்தார். நாங்கள் எங்கட கொடிகளை அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. ஹோட்டலும் நாடாளுமன்றமும் ஊவாத் தோட்டத்துப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டாதவை. ஆனால் பின்னாளில் மாத்தளை அளுவிகாரையில் கிராமத்துப் பெண்களுக்கு அவர் பத்திக்கும் தையலும் பழக்கினார். கூரையைவிட அதுதான் பெரிய வேலை.

லுணுகலையில் எங்கட பெண்பிள்ளைகள் சிலர், உருவம் வரையலாமா என்ற தயக்கத்தில் சாதாரண தரத்துக்குச் சித்திரத்தையே எடுக்காமல் விடுகிறார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் கோடும் கட்டமும் கொடியும் பூவும் கொண்ட துணிக்கலையில் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. மருதமுனையில் எங்கட ஆட்களின் கைத்தறி இருக்கிறது. அந்தத் தறிக்குப் புதுக்கோலம் வரைந்து கொடுக்கும் கை எங்கட வகுப்பறையிலிருந்து ஏன் வரக்கூடாது? பாடத்தை விடச்சொல்லும் முன் இந்தக் கதவைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.