ப. பாண்டி: முதுமையில் மீண்டும் ஒரு துணை

ப. பாண்டி 2017 ஏப்ரல் 14 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். நடிகர் தனுஷ் இயக்கிய முதல் படம். இசை ஷான் ரோல்டன். வாழ்க்கைத் துணையை இழந்த முதியவரின் காதலைக் கேலிப் பொருளாக்காமல் கதையின் மையத்தில் வைத்த சில தமிழ்ப் படங்களுள் ஒன்று.

கதைச் சுருக்கம்

திரைப்படச் சண்டைப் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்ற பாண்டி (ராஜ்கிரண்) மனைவியை இழந்தவர். மகன் ராகவன் (பிரசன்னா) குடும்பத்துடன் சென்னையில் வாழ்கிறார். அநியாயத்தைக் கண்டால் தட்டிக்கேட்கும் அவரது குணத்தால் தந்தைக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் வளர்கிறது. ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். இளமையில் பிரிந்த பூந்தென்றலை (ரேவதி) முகநூல் வழியாகக் கண்டறிந்து ஐதராபாத் செல்கிறார். அவரும் கணவரை இழந்தவர்.

மதிப்பீடு

மகனைக் கொடியவனாகக் காட்டாதது படத்தின் முதன்மையான சிறப்பு. பாண்டிக்கு அந்த வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, பேரப்பிள்ளைகளும் உண்டு. குறைவது தன் வயதில் தன்னோடு பேச ஓர் ஆள். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படும் முதியவரும் தனிமையில் இருக்கலாம் என்பதைப் படம் உரக்கச் சொல்லாமல் உணர்த்துகிறது. முரட்டு வீரராகவே அறியப்பட்ட ராஜ்கிரண், ரேவதியின் முன் தயங்கி நிற்பது இயல்பாக அமைந்துள்ளது.

ஆயினும் படம் கடினமான கேள்வியைத் தவிர்த்துவிடுகிறது. பாண்டி தேடிச் செல்வது புதியவர் ஒருவரை அல்ல, முதல் காதலியை. விட்டுப்போனதை மீட்பதாகக் கதை அமைவதால், பல்லாண்டு உடன் வாழ்ந்தவர் மறைந்தபின் இன்னொருவரை நேசிப்பது மறைந்தவருக்குச் செய்யும் துரோகமா என்ற கேள்வியே எழுவதில்லை. இறந்த மனைவிக்கும் கணவருக்கும் கதையில் ஏறக்குறைய இடமே இல்லை. துணையை இழந்தோர் அறிவர்: பழைய அன்பு இடத்தைக் காலி செய்வதில்லை, புதிய அன்பு அதன் அருகில்தான் அமர வேண்டும்.

மற்றொன்று, புறப்பட்டுச் செல்பவர் ஆண். வீட்டில் இருப்பவர் பெண். விதவை மறுமணத்திற்கு 1856லேயே சட்டம் வந்தது. அ. மாதவையா 1903இல் 'முத்து மீனாக்ஷி' நாவலில் இளம் விதவையின் மறுமணத்தை எழுதினார். சீர்திருத்தக்காரர்கள் பெரிதும் இளம் விதவைகளுக்காகவே வாதாடினர். அறுபது வயதுப் பெண்ணுக்கும் துணை வேண்டியிருக்கலாம் என்று அப்போது யார் பேசினார்கள்? பூந்தென்றல் வண்டியேறிப் புறப்பட்டிருந்தால் இதே பார்வையாளர்கள் கைதட்டியிருப்பார்களா?

இக்குறைகள் இருந்தாலும், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்து, வெளியே சொல்லத் தயங்கும் ஒன்றைப் பேசத் தொடங்க இப்படம் உதவும்.