பதிமூணு மாசமாச்சு, இன்னும் நடக்கலையா?

பக்கத்து ஃப்ளாட் பையனுக்கு 13 மாதம். இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். "எதிர் பிளாக் குழந்தை பதினோரு மாசத்துலயே நடந்துடுச்சு சார்" என்று அவன் அம்மா செல்போனைக் காட்டினார். எந்த மாதம் எதைச் செய்யணும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

இந்தக் கட்டம் நமக்குப் புதுசில்லை. பிள்ளைத்தமிழ் ஞாபகமிருக்கிறதா? ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, அதேதான். பி.காம். படித்த எனக்கு அது பேரேடு மாதிரித்தான் தெரிந்தது. 3-ம் மாதம் காப்பு, 5-ல் செங்கீரை, 7-ல் தால், 9-ல் சப்பாணி, 11-ல் முத்தம், 13-ல் வருகை... மொத்தம் 10 பருவம்.

குமரகுருபரரின் 'மீனாட்சியம்மை பிள்ளைத்தமி'ழை நிதானமாகப் படித்தபோதுதான் சங்கதி புரிந்தது. செல்போன் பட்டியல் குழந்தைக்குப் பரீட்சை வைக்கிறது. பிள்ளைத்தமிழோ பெரியவர்களுக்கு வேலை வைக்கிறது. கை தட்டச் சொல்லிக் கெஞ்சணும், முத்தம் கேட்கணும், 'வா வா' என்று கூப்பிடணும். கூட விளையாட ஆளில்லையா? நிலாவையே கூப்பிடணும்! எதிரே ஒருத்தர் உட்காராமல் எந்தப் பருவமும் நகராது.

குறையும் உண்டு. இந்தக் குழந்தைக்கு ஜுரம் வராது, ஊட்டிய சோற்றைத் துப்பாது. அதுகூடப் பரவாயில்லை. முதல் ஏழு பருவம் எல்லோருக்கும் பொது. எட்டாவதில் கோடு போட்டுப் பிரிக்கிறார்கள். பையனுக்கு மணல்வீட்டைச் சிதைக்கிற சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். திருவிளையாடல் கதைப்படி கயிலாயம் வரை படை நடத்திப் போனவள் மீனாட்சி. அவளுக்கே தேர் கிடையாது, ஊஞ்சல்தான்! இன்றைய பொம்மைக் கடையில் பெண் குழந்தைக்கென்று தனி அலமாரி இருப்பதில் என்ன ஆச்சரியம்?

அந்த அம்மாவுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆரோக்கியமான குழந்தை தனியாக நடக்க 8 மாதமும் ஆகலாம், 17 மாதம் தாண்டியும் ஆகலாம். குமரகுருபரரே ஐந்து வயசு வரை பேசவில்லை, திருச்செந்தூரில்தான் பேச்சு வந்தது என்பார்கள். அதற்காக, பேச்சு வரவில்லையென்றால் சும்மா இருக்கச் சொல்லவில்லை, டாக்டரைப் பாருங்கள்.

ஆனால், சுவரைப் பிடித்து நிற்கிறவனுக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். செல்போனைக் கீழே வைத்துவிட்டு, நாலடி தள்ளி உட்கார்ந்து, ரெண்டு கையையும் நீட்டி, "வாடா கண்ணா" என்று கூப்பிடுங்கள். வருகைப் பருவம் என்பது அவ்வளவுதான்.