பிழைப்பும் ஆடம்பரமும்: ஒரு சிறுநூலும் தருமபுரி மண்ணும்

பக்கங்களால் சிறியவையாயினும் எழுப்பிய வினாவால் பெரியவையாய் நிற்கும் நூல்கள் சில உண்டு. புது தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலச் சிறுநூலொன்று அத்தகையது. அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய அந்நூலின் பெயரைச் 'சமனற்ற உலகில் புவி வெப்பமேறல்' எனத் தமிழாக்கலாம். வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் வாதம் உலக மன்றங்களில் எடுத்தாளப்பட்டு வருகிறது. உழவையும் உணவையும் பற்றிய வாதமாதலின், அரசியலாருக்கே உரியதென்று அதனை ஒதுக்கிவிடாமல், அடுப்பேற்றும் ஒவ்வோர் இல்லமும் எண்ணிப் பார்த்தல் தகும். தருமபுரி மாவட்டத்தின் புன்செய் நிலத்தில் நின்று அதனைப் படித்தால், அதன் வலிமையும் குறையும் ஒருங்கே விளங்கும் என்பது நம் கருத்து.

நூல் பிறந்த சூழலை முதலில் காண்போம். அமெரிக்காவிலுள்ள உலக வளங்கள் நிறுவனம் 1990இல் வெளியிட்ட அறிக்கை, புவியை வெப்பமேற்றும் வாயுக்களை மிகுதியாக வெளியிடும் ஐந்து நாடுகளுள் இந்தியாவையும் சீனாவையும் பிரேசிலையும் சேர்த்துக் காட்டியது. இந்தியாவை அவ்வரிசையில் ஏற்றிய காரணங்களுள் முக்கியமான ஒன்று மீத்தேன் வாயு. நீர் தேங்கிய வயலில் மண்ணுக்குள் காற்றுப் புகாதபோது, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருள்களைச் சிதைத்து இவ்வாயுவை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியே அது மேலேறி வெளியில் கலக்கிறது. அசைபோடும் கால்நடைகளின் இரைப்பையிலும் இதுவே நிகழ்ந்து ஏப்பமாக வெளிவருகிறது. நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமேற்றும் ஆற்றலுடையது. எனினும் அது காற்றில் தங்குவது சுமார் பன்னிரண்டு ஆண்டுகளே. கரியமில வாயுவின் ஒரு பெரும்பகுதியோ பல நூற்றாண்டுகள் தங்கும்.

அறிக்கையை நூலாசிரியர்கள் இரு வழிகளில் மறுத்தனர். இவ்வாயுக்களை உட்கொண்டு மாற்றும் ஆற்றல் கடலுக்கும் காட்டுக்கும் மண்ணுக்கும் காற்றுக்கும் உண்டு. அவ்வாற்றலை, மிகுதியாக வெளியிடும் நாட்டுக்கு மிகுதியான பங்கு கிடைக்குமாறு அறிக்கை பிரித்திருந்தது. மனித குலத்தின் பொதுச் சொத்தைத் தலைக்கு ஒரு பங்காகவே பிரித்தல் வேண்டும் என்பது நூலின் முதல் மறுப்பு. செல்வ நாட்டின் பெருங்கார் கக்கும் புகையையும், ஏழை உழவனின் வயலிலும் உழவு மாட்டிலும் எழும் மீத்தேனையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது என்பது இரண்டாவது. முன்னது ஆடம்பரத்தால் எழுவது. பின்னது பிழைப்பால் எழுவது.

இவ்வேறுபாடு நம் வாசகர்களுக்குப் புதியதன்று. மழையாலும் ஊற்றாலும் தானே விளைந்த தானியத்துக்குப் பத்தில் ஒரு பங்கும், நீரிறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கும் ஜக்காத்தாக வகுத்தது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நெறி. களத்தில் குவிந்த நெல் ஒரே அளவாயினும் கடமை ஒரே அளவன்று. அதற்குப் பட்ட பாட்டையும் சேர்த்தே அந்நெறி கணக்கிடுகிறது. அளவை மட்டும் பார்த்துப் பாட்டைப் பாராத கணக்கு நீதியாகாது என்று இந்நூல் சொல்லும்போது, நம் மரபு அறிந்த ஓர் உண்மையையே அது சொல்கிறது எனலாம்.

அளவையிலும் அறிக்கைகள் பிழைபட்டிருந்தன என்பது விரைவில் தெரிந்தது. மேலை நாட்டு வயல்களில் எடுத்த அளவுகளை இந்தியாவுக்கு நீட்டி, நம் நெல்வயல்கள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை மதிப்பிட்டிருந்தது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா தலைமையில் 1991இல் நம் வயல்களிலேயே அளந்து பார்த்தபோது, அது சுமார் 40 இலட்சம் டன் அளவே என்று கண்டனர். ஏறத்தாழ ஒன்பது மடங்கு மிகைப்படுத்திய பழியை ஏழை உழவன் தலையில் சுமத்தியிருக்கிறார்கள்! நூலாசிரியர்களின் சினம் நியாயமானதே.

இத்துணை பாராட்டிய பின்னும், நூல் நின்றுவிட்ட இடத்தைச் சுட்டாமல் இருப்பதற்கில்லை. அதன் அட்டவணைகள் நாடுகளையே அலகாகக் கொண்டவை. தானியமோ எல்லை கடந்து செல்வது. அண்மை ஆண்டுகளில் உலக அரிசி வாணிபத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு இந்தியாவினுடையது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் செனகல் நாட்டின் அன்றாட உணவு மீனும் சோறும். அந்தச் சோற்றில் பெரும்பங்கு இறக்குமதி அரிசியால் ஆவது. அரிசி செனகலுக்குப் போகிறது. அது விளைந்தபோது எழுந்த மீத்தேன் விளைத்த நாட்டின் கணக்கில் ஏறுகிறது. உண்பவர் தூயவராகவும் விளைப்பவர் குற்றவாளியாகவும் தோன்றுவது இவ்வாறே. அவ்வரிசியை நிறுத்தினால் அவர் பசிப்பார் என்பதும் மெய். 2023 ஜூலை முதல் 2024 செப்டம்பர் வரை இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, வாங்கி உண்ணும் நாடுகள் இதனை நன்கு உணர்ந்தன.

நாட்டுக்கு நாடு காணும் இந்நிலையை ஒரே மாநிலத்துக்குள்ளும் காணலாம். தருமபுரி மழையை நம்பிய மண். கேழ்வரகும், மலைப்பகுதிகளில் சாமையும் அதன் பழைய பயிர்கள். காற்றோட்டமுள்ள புன்செய் மண்ணில் மீத்தேன் பெருகுவதில்லை. அம்மண் காற்றிலுள்ள மீத்தேனில் சிறிதளவை உறிஞ்சவும் செய்யும். 'பிழைப்பின் வாயு' என்று நூல் பரிந்து பேசுகிறதே, தருமபுரியின் பழைய பிழைப்பில் நெல்வயலின் வாயு மிகக் குறைவு. களியும் கூழும் உண்டு வாழ்ந்த மக்கள் அவர்கள். அவர்களை அரிசிக்குத் திருப்பியது வயிற்றின் தேவை மட்டுமன்று; கொள்கையும் சேர்ந்தே திருப்பியது.

அக்கொள்கையின் வேர் பசியில் இருந்தது என்பதை மறுக்கலாகாது. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்து உண்ட நாடு இது. அமெரிக்கக் கப்பலை எதிர்நோக்கிய அந்தச் சிறுமையிலிருந்து மீளவே, சி. சுப்பிரமணியம் உணவமைச்சராயிருந்த காலத்தில் புதிய நெல்லும் கோதுமையும் பாசனமும் உரமும் முன்னிறுத்தப்பட்டன. கேழ்வரகுக்கும் சாமைக்கும் அந்த ஆதரவு கிட்டவில்லை. பின்னர் நியாயவிலைக் கடைகள் அரிசியை ஊரூராகக் கொண்டு சேர்த்தன. 2011 முதல் தமிழகத்தில் அது விலையின்றியே வழங்கப்படுகிறது. ஏழைக்கு அது பேருதவி. அதே வேளையில், புன்செய் மாவட்டமொன்று நீர் தேங்கிய தொலைநில வயல்களின் விளைச்சலை வாங்கி உண்ணும் மாவட்டமாயிற்று. ரமலானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்ச அரசு அளிக்கும் பச்சரிசியும் அத்தகைய வயல்களில் விளைந்ததே.

ஆகவே, ஏழையின் உணவு எதுவோ அது என்றும் மாறாத தேவை என்று நூல் கொள்வதை நம்மால் முழுமையாக ஏற்க இயலவில்லை. தேவை எங்கே முடிகிறது, பழக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை அது வினவவில்லை. உழவு மாட்டைப் பற்றிய அதன் பேச்சும் இன்று திருத்தம் வேண்டுவது. காவிரிக்கரைச் சிற்றூரின் பெயரைத் தாங்கிய ஆலம்பாடி மாடு, உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். டிராக்டர் வந்தபின் அதன் எண்ணிக்கை அருகிப்போயிற்று; அதைக் காக்கத் தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையமே அமைக்க வேண்டியதாயிற்று. தொழுவத்தில் இன்று நிற்பது பெரும்பாலும் பாலுக்காக வளர்க்கும் கலப்பினப் பசு. அதன் பால் நகரத்துக்குப் போகிறது. அந்த ஏப்பத்தின் பொறுப்பில் நகரத்துக்கும் பங்குண்டு.

2021இல் கிளாஸ்கோவில் பல நாடுகள், 2030க்குள் மீத்தேனை முப்பது விழுக்காடு குறைப்பதாக உறுதி எடுத்தன. இந்தியா அதில் சேரவில்லை. சிறு உழவரின் வாழ்வைக் காரணமாகக் காட்டும் அந்த மறுப்பில் இச்சிறுநூலின் குரல் ஒலிப்பதைக் காண்கிறோம். உழவரின் மேல் கட்டாயம் சுமத்தலாகாது என்பதில் நமக்கும் ஐயமில்லை. 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தை ஒரே ஆணையால் தடுத்து, நெல்லில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாட்டை அரிசி இறக்குமதிக்குத் தள்ளியதை மறக்கலாகாது. ஆனால் உழவருக்கே நன்மை தரும் வழியையும் அவர் பெயரைச் சொல்லித் தள்ளிப்போடுவது அவருக்குச் செய்யும் உதவியாகாது.

அத்தகைய வழிகள் இல்லாமலில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் வயலின் மீத்தேன் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தணிவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு வாயு சிறிது கூடினாலும் மொத்தத்தில் நன்மையே மிகுதி. இம்முறையைத் தன்னுள் கொண்ட செம்மை நெல் சாகுபடி, அரிசியை இறக்குமதி செய்யும் மடகாஸ்கர் தீவில் 1980களில் உருவானது. கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து, ஒகேனக்கல் காவிரி நீரைக் குடிக்கக் கொண்டுவர வேண்டியிருந்த தருமபுரியில், மிச்சமாகும் நீர் ஒவ்வொரு துளியும் உழவருக்கு ஊதியமே. 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது இந்நெறியில் வைத்த சரியான அடி. விளைவித்தவருக்கு உரிய விலையும், உண்பவருக்கு மதிப்பும் சேர்ந்தால்தான் அது நிலைக்கும். களி ஏழையின் உணவென்று இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் நம் இல்லங்களிலும் நீங்குதல் வேண்டும்.

அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் செல்வ நாடுகளை நோக்கி எழுப்பிய வினா இன்றும் பதில் பெறாமலேயே நிற்கிறது. அவ்வினாவை நாம் கைவிடலாகாது. அதனோடு, நகரத்தின் தட்டையும் சிற்றூரின் கலத்தையும் வேறுவேறாக வைத்து நிறுக்கும் கணக்கொன்றையும் நம் நாட்டார் எழுதுவாராக. அக்கணக்கை எழுதத் தருமபுரி போன்ற மாவட்டத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாயிருக்கும்.